எல்லாம் ஏறிடுச்சும்மா!

என் டிரைவர் சாகுல் வண்டியை வாசலில் நிறுத்தினான். இறங்கி வந்து சாவியை ஆணியில் மாட்டினான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எல்லாம் ஏறிடுச்சுங்க மொதலாளி."

காலை வெயில் அப்போதுதான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. என் மகன் குமாரை மீனம்பாக்கத்தில் பாரீஸ் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறான் சாகுல். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. டீயை நீட்டினேன். வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

"தம்பி நல்லபடியா உள்ள போயிட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கையக் காட்டினாங்க."

"பெட்டி எடை சரியா இருந்துச்சா?"

"எல்லாம் ஏறிடுச்சுங்க."

ரெண்டாம் தரமும் அதே வார்த்தை. எனக்குச் சுருக்கென்றது.

குமார் பெட்டிக்குள் ஒரு நார்த்தங்காய் ஜாடி இருந்தது. என் வீட்டுக்காரி அஞ்சம்மாள் உப்புப் போட்டு வைத்தது. அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவள் கைப்பட்ட சாப்பாட்டுச் சாமான் என்று இந்த வீட்டில் மிச்சம் இருந்தது அந்த ஒரு ஜாடிதான். அது மகனோடு போய்ச் சேர்ந்ததா இல்லையா, எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

ஏறிடுச்சு என்கிறான் சாகுல். ஆனால் அந்த வார்த்தையை இவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். சாமான் ஏறினாலும் அதைத்தான் சொல்லணும், ஏறாவிட்டாலும் அதைத்தான் சொல்லணும். அது என் வாடகைக் கார் ஷெட்டின் சட்டம்.

அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். ரிவர்ஸ் எடுப்பதில் என்னை அடிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது.

பாரீசுக்குப் பாதி வழி

போன வாரம் நான் முதல் பிளசர் கார் வாங்கின கதையைப் படித்துவிட்டு ரொம்பப் பேர் போன் போட்டீர்கள். சந்தோஷம். ஒருத்தர் மட்டும், "பெருமையைக் கொஞ்சம் அடக்கி வாசிங்களேன்" என்றார். எதுக்கய்யா அடக்கணும்? விழிதியூர் சேற்றில் நாத்துக்கட்டு சுமந்தவன் நான். படிப்பு அஞ்சாங் கிளாஸ். அதிலேயும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தேன். இன்றைக்குக் காரைக்காலில் என் ஷெட்டுக்கு வழி கேட்டால், கேட்டவரையே கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இதைச் சொல்லாமல் செத்தால் எனக்குத்தான் நஷ்டம்.

எங்கள் ஊரில் தெருவுக்குச் சில வீடுகளில் பிரான்சு பாஸ்போர்ட்டு இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர்களை நாங்கள் சொல்தா என்போம். அந்தச் சொல்தா வீட்டுப் பிள்ளைகள், அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் எல்லாம் போவதும் வருவதுமாக இருப்பார்கள். அத்தனை பேரும் என் வண்டியில்தான். பாரீசுக்கு விமானம் விட்டது யாரோ, எனக்குத் தெரியாது. காரைக்காலிலிருந்து மீனம்பாக்கம் வரை, அதாவது பாரீசுக்குப் பாதி வழி, விட்டது நான்தான். பாதி இல்லை, ரொம்பக் கம்மி என்று குமார் சின்ன வயசில் உலகப் படத்தை விரித்துக் காட்டினான். படத்தில் அப்படித்தான் தெரியும். ஓட்டிப் பார்த்தால் தெரியும் சங்கதி.

போகிறவர் ஒருத்தர்தான். வண்டி மட்டும் நிறைந்திருக்கும். மாமன், மச்சான், சித்தப்பா, சித்தப்பாவின் சிநேகிதர், போகிற வழியில் சிதம்பரத்தில் இறங்கிக்கொள்கிறேன் என்று ஒருத்தர். அம்மாக்கள் மட்டும் வர மாட்டார்கள். வாசலோடு சரி. பிள்ளை நெற்றியில் விபூதியோ சிலுவையோ போட்டுவிட்டு, வண்டி நகர்வதற்குள் உள்ளே போய்விடுவார்கள். அவர்களுக்குப் பதிலாகத்தான் பெட்டி வரும்.

அந்தப் பெட்டியைக் கையில் தூக்கினாலே எனக்கு எடை தெரிந்துவிடும். தராசு வேண்டாம். "கொஞ்சம் கூட இருக்கு, புளியை எடுங்க" என்பேன். எடுப்பார்கள். "இன்னும் ஒரு கை கூட இருக்கு" என்பேன். முறுக்கில் ஒரு பொட்டலம் இறங்கும். மீனம்பாக்கத்துத் தராசில் வைத்தால் நான் சொன்னதுதான் வரும். அங்கே பெட்டி தூக்குகிறவர்களே என்னைப் பார்த்து, "பெரியவர் கையைக் கழட்டி இங்க வச்சிட்டுப் போங்க" என்று கிண்டல் பண்ணியிருக்கிறார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம்

ஆனால் நான் வாசலில் சொல்லிவிட்டு ஸ்டியரிங்குக்குப் போன பிறகு அம்மாக்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பெட்டியைத் திறந்து, துணிக்கு நடுவில் ஒரு பாட்டில் ஊறுகாய், செருப்புக்குள் ஒரு பொட்டலம் எள்ளுருண்டை என்று சொருகிவிடுவார்கள். ஒரு அம்மா சின்ன அம்மிக்கல்லையே வைத்து அனுப்பினார். குழவி தனியாகக் கைப்பையில்.

அங்கே போனதும் தராசு காட்டிக் கொடுத்துவிடும். கூட இருப்பதை எடு என்பார்கள். நாலு பேர் பார்க்க, அந்த வழவழத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கணும். எடுத்ததைக் கண்ணாடிக் கதவு வரை கொண்டுவந்து, காவலுக்கு நிற்கிறவரைக் கெஞ்சி, இந்தப் பக்கம் நிற்கிற என்னிடம் நீட்டுவார்கள்.

எத்தனையோ பிள்ளைகள் பெட்டி திறந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒரு விஷயம் சொல்கிறேன். எந்தப் பிள்ளையும் அம்மா கொடுத்ததை முதலில் எடுத்ததில்லை. முதலில் சட்டை இறங்கும். அப்புறம் புது ஷூ. அப்புறம் யாரோ கொடுத்த சால்வை. அதெல்லாம் போயும் தராசு ஒத்துக்கொள்ளாவிட்டால்தான் கை அந்தப் பொட்டலத்துக்குப் போகும். கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருக்கும். என்னிடம் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

திருவேட்டக்குடி அம்மா

தொழில் தொடங்கின புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஏறாத சாமானை நேர்மையாகத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அடுத்தவன் பொருள் நமக்கெதுக்கு என்கிற கொள்கை.

திருவேட்டக்குடியில் ஒரு அம்மா. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஒரே மகன், சொல்தா வீட்டில் பெண் கட்டிப் பிரான்சு போனான். அந்தம்மா கருவாட்டைத் தானே பார்த்துப் பார்த்துக் காயவைத்து, வாழைச் சருகில் சுற்றி, அதுக்கு மேல் பிளாஸ்டிக், அதுக்கு மேல் மகனின் பழைய கைலி என்று கட்டி அனுப்பியிருந்தார். எடை மட்டும் இல்லை, வாசனையும் சேர்ந்து தடுத்துவிட்டது.

மறுநாள் நான் அந்த மூட்டையைக் கொண்டுபோய் நீட்டினேன். அந்தம்மா மீன் கழுவிக்கொண்டு இருந்தார். மூட்டையைப் பார்த்தார். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"எம்புள்ள வெறுங்கையோடயா போச்சு?"

"இல்லம்மா, மத்ததெல்லாம் இருக்கு. இது ஒண்ணுதான்..."

"இதுதானேய்யா நான் குடுத்தது."

மூட்டையை அவர் தொடவே இல்லை. நான் வைத்துவிட்டு வந்தேன். ரெண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தார் என்று அந்த ஊர்க்காரர் ஒருத்தர் வந்து சொன்னார்.

வார்த்தை அவளுது

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அஞ்சம்மாளிடம் சொன்னேன். என் நேர்மையைப் பாராட்டுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

குழம்பு ஊற்றிக்கொண்டு இருந்தவள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரிஞ்ச அளவுக்கு வாயை ஓட்டத் தெரியலைங்க. அந்தம்மாகிட்ட போயி எல்லாம் ஏறிடுச்சும்மான்னு சொல்லிட்டு வந்தா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

"அப்ப அந்தக் கருவாட்டை என்ன பண்றது?"

"தின்னுங்க. வேற என்ன பண்ணுவீங்க? பெத்தவ ஒரு பிள்ளைக்கின்னு கட்டுனது இன்னொரு பிள்ளை வயித்துக்குப் போனா அவளுக்கென்ன நஷ்டம்? குப்பையில போட்டாத்தான் பாவம்."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது. பெட்டியிலிருந்து இறங்கினது எதுவும் பெற்றவர்கள் கண்ணுக்குப் போகக் கூடாது. அது ஓட்டிப்போன டிரைவர் வீட்டுக்குச் சொந்தம். வீணாக்கக் கூடாது, விற்கக் கூடாது. அம்மா வாசலிலேயே காத்திருப்பார். வண்டியை நிறுத்தினதும், அவர் கேட்கிறதுக்கு முன்னால், "எல்லாம் ஏறிடுச்சும்மா" என்று சொல்லிடணும். கூட வந்த மாமன் மச்சானும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஊரில் இதை என் சட்டம் என்றுதான் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை. அமல்படுத்தினது நான்தானே. வார்த்தை மட்டும் அவளுது.

என் பிள்ளைகள் பிரான்சுக்குக் கட்டின பலகாரத்தைத் தின்றே வளர்ந்தார்கள். நான் மீனம்பாக்கம் போய்விட்டு வந்தால் குமார் ஓடி வந்து வண்டியின் பின்கதவைத் திறப்பான். "அம்மா, இன்னிக்கி யாரு வீட்டு முறுக்கு?" என்று கத்துவான். அஞ்சம்மாள் அவன் வாயைப் பொத்துவாள். "தெருவுக்குக் கேக்குமாறா கத்தாதடா. ஏறிடுச்சுன்னு உங்கப்பா இப்பத்தான் சொல்லிட்டு வந்திருக்காரு."

இதைப் படிக்கிற தாய்மார் யாரும் இப்போது எனக்குப் போன் போட்டுத் திட்ட வேண்டாம். உங்கள் பிள்ளை பெட்டியில் எல்லாமே ஏறியது. இறங்கினது பக்கத்து வீட்டுப் பிள்ளை பெட்டியிலிருந்து.

என் கை சொன்ன எடை

எங்கள் வீட்டுக் கொல்லையில் நார்த்தை மரம் நிற்கிறது. அஞ்சம்மாள் வைத்தது. காய்க்கிற காலத்தில் அவள் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். ஒரு காயை எடுத்தால் அறுந்து போகாமல் சுருள் சுருளாக அரிந்து, உள்ளே உப்பை அடைத்து, ஜாடியில் ஊறவைத்து, மொட்டை மாடியில் காயவைத்து, திரும்ப ஊறவைத்துக் காயவைத்து, கறுத்துப் போகிற வரைக்கும் விட மாட்டாள். அவள் நொட்டாங்கைக்காரி, எல்லாம் இடது கைதான். எல்லா வீட்டிலேயும் சுருள் ஒரு பக்கமாகச் சுற்றும். எங்கள் வீட்டுச் சுருள் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். கல்யாணம் ஆன புதிதில் என் அம்மாகூட, "இவ அரிஞ்சா காயே திரும்பி நிக்கிது" என்பார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர், எல்லாம் பார்த்தேன். போய்விட்டாள். ஊரில் எத்தனை பேர் பெட்டியைக் கட்டிக்கொடுத்தவள். அவள் போகும்போது கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

பாரீசில் குடியிருக்கிற குமார் முதல் வருஷத் தெவசத்துக்கு வந்தான். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகத்தான் வந்தான். காரியம் எல்லாம் முறைப்படி செய்தான். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அவன் பெட்டியை நான் கட்டினேன். அது வரைக்கும் அவன் பெட்டியைக் கட்டினது அவன் அம்மா.

ஜாடி சமையல்கட்டு மேல் பலகையில் இருந்தது. மூடி என்றைக்கோ உடைந்து போய், ஒரு பழைய சில்வர் தட்டைக் கவிழ்த்துத் துணியால் கட்டியிருந்தாள். அந்த முடிச்சும் அவள் போட்டதுதான். ஒரு வருஷமாக நான் அதைத் தொடவில்லை.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஊரில் இருக்கிற அத்தனை அம்மாவிடமும், "ஜாடி வைக்காதீங்க, ஜாடி வெயிட்டே பெட்டி வெயிட்டு, கவுத்துப் பையில கட்டுங்க" என்று தொண்டை வற்றக் கத்தினவன் நான். முடிச்சை அவிழ்த்தேன். கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. கையை விட்டு அள்ளணும். அவள் அடுக்கின அடுக்கு அப்படியே இருந்தது. என் கை போகவில்லை. திரும்பக் கட்டிவிட்டேன். ஜாடியோடு தூக்கி, குமார் சட்டைக்கெல்லாம் நடுவில் வைத்தேன்.

குமார் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்பா, தராசுல ஒரு தரம் வச்சிப் பாத்துடலாமே."

"உங்கப்பன் கையை விடவா தராசு?"

பெட்டியைத் தூக்கினேன். முட்டிவலி வந்த பிறகு நான் மீனம்பாக்கம் போவதில்லை, வாசல்வரை தூக்குவதோடு சரி. தூக்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு, ஏறிடும்" என்றேன்.

சாகுல் பின்னால் நின்றான். அவனும் என்னிடம் தொழில் கற்றவன். பெட்டியை வாங்கி வண்டியில் ஏற்றும்போது ஒரு நொடி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

வானத்தில் வழி

அன்றைக்குத் தொடங்கிச் சில நாளாக டிவியில் ஒரே செய்தி. எங்கேயோ ரெண்டு நாட்டுக்கு நடுவில் சண்டை. வானத்தில் வழியை அடைத்துவிட்டார்கள், விமானமெல்லாம் சுற்றிப் போகிறது என்றார்கள். ரோட்டில் மரம் விழுந்தால் சுற்றிப் போகலாம், நான் போயிருக்கிறேன். வானத்தில் என்ன விழுந்து கிடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. முன்பெல்லாம் அந்த மாதிரிச் செய்தி வந்தால் காபியைக் குடித்துக்கொண்டே கேட்பேன். நம் வீட்டுப் பிள்ளை மேலே இருக்கும்போது அப்படிக் கேட்க முடிகிறதா?

டீக்கடை கோவிந்தன் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விடவில்லை.

"அண்ணே, நம்ம நார்த்தங்கா இப்ப எந்த நாட்டு மேல போய்க்கிட்டு இருக்கு?"

"போடா. என் மகன் போறான், நீ ஊறுகாயைக் கேக்குற."

"மகனைப் பத்தி நீங்க ஒரு தரம்தான் சொன்னீங்க. ஜாடியைப் பத்தி நாலு தரம் சொல்லிட்டீங்களே."

டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

குமார் ஊர் போய்ச் சேர்ந்து போன் போட்டான். தாமதம் ஆனாலும் நல்லபடியாகப் போய்விட்டான். குளிர் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று பேசிவிட்டு, அவனாகவே சொன்னான்.

"நார்த்தங்காயைத் தயிர் சோத்துக்குத் தொட்டுக்கிட்டோம்பா. அம்மா கையி அப்படியே இருக்கு."

"அப்படியா. ஜாடி?"

"ஜாடி பத்திரமா இருக்குப்பா."

போனை வைத்துவிட்டேன். நம்பணும் என்று ஆசைதான். ஆனால் அவனும் யார்? "ஏறிடுச்சும்மா" கேட்டு வளர்ந்தவன். அந்த வார்த்தையைச் சொன்னவளின் மடியில் வளர்ந்தவன். அப்பன் வருத்தப்படக் கூடாது என்று சொல்லமாட்டானா?

சாகுலைக் கேட்கலாம். கேட்டால் சட்டம் போச்சு. "நெசமா ஏறிச்சாடா?" என்று எந்த அம்மாவும் என்னைக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கும். இருந்தும் கேட்காமல் உள்ளே போயிருக்கிறார்கள்.

சனிக்கிழமைச் சோறு

அப்புறம் ஒரு சனிக்கிழமை. வண்டிக்கு ஒரு சவாரி வந்தது. சாகுல் போன் எடுக்கவில்லை. பக்கத்துத் தெருதானே என்று நானே நடந்து அவன் வீட்டுக்குப் போனேன்.

வாசல்படி ஓரம் ஒரு ஜோடி ஷூ இருந்தது. பழுப்புத் தோல். பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. சாகுல் பிறந்ததிலிருந்து செருப்பைத் தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஷூவைக் குமார் தெவசத்துக்கு வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் கழற்றிப் போட்டிருந்தான். கிளம்புகிற அன்றைக்கு நான்தான் துணி சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அதற்குள் சாகுலின் சம்சாரம் மும்தாஜ் பார்த்துவிட்டது.

"வாங்க மாமா, வாங்க! நடந்தா வந்தீங்க, இந்த முட்டியோட? போன் போட்டா அவுகளே வந்திருப்பாகள்ல."

"போட்டேம்மா. எடுக்கலை."

"தொழுதுட்டு இப்பத்தான் வந்தாக. சாப்புட உக்காந்திருக்காக. நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க. மீன் ஆணம் வச்சிருக்கேன்."

"இன்னிக்கி சனிக்கிழமைம்மா."

திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சனிக்கிழமை மீன் சாப்பிடுகிற தைரியம் எனக்கு இந்த வயசு வரை வந்ததில்லை. மும்தாஜ் தலையில் தட்டிக்கொண்டது.

"ஐயோ, மறந்தே போச்சே! அதனால என்ன, தயிர் இருக்கு. உக்காருங்க மாமா, சும்மா போகக் கூடாது."

சாகுல் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டான். "வாங்க மொதலாளி" என்றான். நான் பாயில் உட்கார்ந்தேன். முட்டி கடகடவென்றது. தட்டில் சோறு விழுந்தது, தயிர் விழுந்தது. மும்தாஜ் தொட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று சமையல்கட்டில் உருட்டியது.

"அப்பளம் சுட்டுடவா மாமா?"

அவர்களுடைய சின்னப் பெண் பாத்திமா அப்போதுதான் ஓடி வந்தது. ஒண்ணாம் வகுப்புப் படிக்கிற வாண்டு.

"எதுக்கும்மா அப்பளம்? நார்த்தங்கா இருக்குல்ல!"

சாகுல் முகம் போன போக்கை நீங்கள் பார்க்க வேண்டுமே! "ஏய் பாத்திமா" என்று ஒரு அதட்டல் போட்டான். அது எங்கே நிற்கிறது? கட்டிலுக்கு அடியில் நுழைந்து, ரெண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது.

அஞ்சம்மாள் ஜாடி. மேலே அதே சில்வர் தட்டு. முடிச்சு மட்டும் வேறு.

வெளியில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

மும்தாஜ் ஜாடியை வாங்கி, வேறு வழியில்லாமல் தட்டைத் திறந்தது. நான் எட்டிப் பார்த்தேன். கழுத்து வரை நிறைந்திருந்த ஜாடி பாதிதான் இருந்தது.

உப்பு நார்த்தங்காயைச் சில நாளைக்குள் பாதி ஜாடி தின்பது எந்தக் குடும்பத்தாலும் ஆகாது. நாக்கு வெந்து போகும். அப்படியென்றால் மீதிப் பாதி எங்கே போனது?

சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபடி எனக்கு எல்லாம் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வழவழத் தரை. குமார் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்கிறான். முதலில் ஷூவை எடுத்திருக்கிறான். அதுவும் பத்தவில்லை. என்னால் முடியாததை அவன் செய்திருக்கிறான். முடிச்சை அவிழ்த்து, அம்மா அடுக்கினதுக்குள் கையை விட்டு, அள்ளிப் பையில் போட்டிருக்கிறான். தராசு விட்ட அளவுக்கு அள்ளியிருக்கிறான். மிச்சத்தையும் ஜாடியையும் கதவு வரை கொண்டுவந்து சாகுலிடம் நீட்டியிருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

தயிர் சோத்துக்குத் தொட்டுக்கிட்டோம் என்று போனில் சொன்னது நிஜம். ஜாடி பத்திரமாக இருக்கிறது என்றதும் நிஜம்தான்.

மும்தாஜ் ஒரே ஒரு சுருளை எடுத்து என் தட்டு ஓரத்தில் வைத்தது. கறுத்துப் பளபளவென்று இருந்தது. எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பு ஜாஸ்தி.

"எங்கம்மா வாங்கினது?" என்று கேட்டேன்.

மும்தாஜ் சாகுலைப் பார்த்தது. சாகுல் சோற்றைப் பார்த்தான்.

"திருநள்ளாறு கடைத்தெருவுல மாமா. கோயிலுக்கு வர்றவுகளுக்குன்னு விக்கிறாகள்ல, அங்க."

"ஜாடியோடயா விக்கிறான்?"

"ஆமா மாமா. ஜாடியோட."

"நல்ல கடைம்மா. இப்படிப் போட இந்தக் காலத்துல ஆள் கிடையாது. இன்னும் கொஞ்சம் சோறு போடு."

மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன். நான் மறுசோறு கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

கிளம்பும்போது சாகுல் என்னோடு தெரு முனை வரை வந்தான். குமார் ஷூவைத் தாண்டித்தான் ரெண்டு பேரும் இறங்கினோம். ரெண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"மொதலாளி..."

"என்னடா?"

"இல்ல... அன்னிக்கி மீனம்பாக்கத்துல..."

"எல்லாம் ஏறிடுச்சுல்ல?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தக் காலையில் பார்க்காதவன் இப்போது நேராகப் பார்த்தான்.

"ஏறிடுச்சுங்க மொதலாளி."

"அப்புறம் என்ன. போ, சோறு ஆறுது."

இது அச்சில் வந்தால் சாகுல் படிப்பான். குமாருக்கும் யாராவது படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும். தம்பி குமாரு, ஷூ நல்லா இருக்குடா. சாகுலுக்கு அளவும் சரியா இருக்கு.

இப்போதெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் எனக்குச் சோறு சாகுல் வீட்டில்தான். போனதும் மும்தாஜ் தயிரை எடுத்து வைக்கும். திருநள்ளாறு கடைச் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்று எனக்குத் தெரியும். மும்தாஜுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு நாளைக்கு ஒரு சுருளுக்கு மேல் வைப்பதில்லை. நானும் கேட்பதில்லை.